சிலந்தி சீறுமா? கடித்தால் உயிர் போகுமா?

பண்ருட்டி முந்திரித் தோப்பில் கண்ட மயிரடர்ந்த பெருஞ்சிலந்தி சீறியதாகவும், அது கடித்தால் உயிர் போகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டரான்டுலா எனப்படும் இத்தகைய மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளுக்குக் குரல்வளை கிடையாது. ஆனால் இந்தியாவிலும் காணப்படும் கைலோபிராக்கிஸ் போன்ற சில பேரினங்கள், நச்சுப்பற்களைத் தாங்கும் தாடைக்கும் அதன் அருகிலுள்ள உணர்கால்களின் அடிப்பகுதிக்கும் இடையே அமைந்த விறைப்பான மயிர்களை, சீப்பின் பற்களை நகத்தால் வருடுவதுபோல் உரசி, எதிரியை விலக்கி நிறுத்துவதற்காகச் சீறல் ஒலி எழுப்புகின்றன. தென்னமெரிக்கக் கோலியாத் சிலந்தியின் சீறல் சில மீட்டர் தொலைவுக்கும் கேட்கும் (இருட்டில் கேட்டால் பாம்பென்றே தோன்றும்). டரான்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான சான்று இல்லை. எனினும், தென்னிந்திய மரப்பொந்துகளில் வாழும் போசிலோதீரியா என்னும் டரான்டுலாப் பேரினச் சிலந்தி கடித்தால் கடும் வலியும் சில நாள்கள் நீடிக்கும் தசைப்பிடிப்பும் வரக்கூடும் என்பதால், கடிவாயைக் கீறாமல், சோப்பால் கழுவிவிட்டு மருத்துவரைக் காண்பதே முறை. தோப்பில் உண்மையாக அஞ்ச வேண்டியது கட்டுவிரியனுக்கே.