குரங்காட்டி எதிரில் நிற்கும்போது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் லேபர் கட்சியின் அனைரின் பெவன் பெரிய பேச்சாளர், கிண்டலில் மன்னர் என்று பல இடங்களில் படித்துவிட்டேன். ஆனால் அவருடைய புகழ்பெற்ற வரிகளைத் தமிழில் படித்தால் எனக்குச் சிரிப்பே வருவதில்லை. திக்குவாயோடு வளர்ந்தவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்? எதிர்க்கட்சியை எலி, மூட்டைப்பூச்சியைவிடக் கேவலம் என்று அவர் ஏசியதையும் நகைச்சுவைக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். அது சரியா? நான் தொழிற்சங்க மேடைகளில் பேசுகிறவன். பேச்சில் கிண்டல் போதவில்லை என்று தோழர்கள் குறைப்படுகிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

சிரிப்பு வராததற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் படித்த தொகுப்புகள்தான். பெவனின் வரியைப் பேச்சிலிருந்து பிய்த்து எடுத்துத் தனியாக வைத்துவிடுகிறார்கள். அவருடைய கிண்டல் வாதத்தின் கடைசிப் படி. முந்தைய படிகள் இல்லாமல் அந்த ஒரு படி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

1945 மே மாதம் பிளாக்பூலில் நடந்த லேபர் மாநாட்டில் அவர் சொன்னதைப் பாருங்கள். ஐரோப்பாவில் போர் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவர் சொன்னது இது: இந்தத் தீவு பெரும்பாலும் நிலக்கரியால் ஆனது, சுற்றிலும் மீன், இங்கே கரிக்கும் மீனுக்கும் ஒரே நேரத்தில் தட்டுப்பாடு கொண்டுவர ஒரு நிர்வாக மேதையால்தான் முடியும். முதல் பாதியில் கிண்டலே கிடையாது. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பூகோளம். யாரும் மறுக்க முடியாத இரண்டு செய்திகளைக் கூட்டத்தின் கையில் கொடுத்துவிட்டு, அவற்றை வைத்தே ஆட்சியை எடைபோடச் சொல்கிறார். சிரிக்கிறவன் சிரிக்கும்போதே வாதத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறான். மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் 'மேதை' நடுவில் வந்துவிடும், 'ஒரே நேரத்தில்' என்பதுதான் கடைசிச் சொல். தமிழில் அது தலைகீழாகும். 'மேதை' கடைசிக்கு வருவது தமிழுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்த வேண்டும். தொகுப்பில் படிக்கிறவருக்கு அந்த நொடி கிடைப்பதில்லை.

நீங்கள் மேடையில் பேசுகிறவர் என்பதால் இன்னொரு வரியைக் கொஞ்சம் பிரித்தே காட்டுகிறேன். 1956 நவம்பர் 4, லண்டன் டிரஃபால்கர் சதுக்கம், எகிப்தின் சூயஸ் கால்வாயை ஒட்டி எழுந்த போருக்கு எதிரான கூட்டம். இஸ்ரேல் சினாய்க்குள் புகுந்தது அக்டோபர் 29. மறுநாள் பிரிட்டனும் பிரான்சும் கெடு வைத்தன. 31-ஆம் தேதி எகிப்தின் மீது குண்டு விழ ஆரம்பித்தது. ஐ.நா.வுக்குப் பலம் சேர்க்கவே இந்த நடவடிக்கை என்றார் பிரதமர் அந்தோணி ஈடன். பெவன் சொன்னார்: "எந்தத் திருடனும் இதைச் சொல்லலாம், போலீசுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் வீட்டுக்குள் புகுந்தேன் என்று. ஈடன் இதை மனதாரச் சொல்கிறார் என்றால், மனதாரவே சொல்லலாம், மனதாரவே சொல்கிறார் என்றால், அந்த அளவு முட்டாள் பிரதமராக இருக்க முடியாது."

'மனதாரவே சொல்லலாம்' என்று நடுவில் நுழைத்தாரே, வரியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எதிராளிக்குச் சலுகை கொடுப்பதுபோல ஒலிக்கிறது. அதே நேரத்தில் கூட்டம் முடிவை ஊகித்துக்கொள்ள அவகாசமும் தருகிறது. முடிவு வருமுன் கூட்டம் அதை எட்டிப் பிடித்துவிட வேண்டும். அதற்காகவே ஒரே துண்டைத் திரும்பச் சொல்கிறார். அச்சில் இதை வீண் சொல் என்று அடித்துவிடுவோம். மேடையில் அதுதான் நேரம் காட்டும் முள்.

'என்றால்' ஏன் வந்தது என்பது அதைவிட முக்கியம். இஸ்ரேலும் பிரான்சும் பிரிட்டனும் முன்கூட்டியே சேவ்ர் நகரில் ரகசியமாக ஒப்பந்தம் போட்டிருந்தன. அன்று அது வெளியே வந்திருக்கவில்லை. ஈடன் பொய் சொல்கிறார் என்று பெவனுக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம், கையில் ஆதாரம் இல்லை. 'பொய்யன்' என்று சொல்லியிருந்தால் நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழுந்திருக்கும். 'என்றால்' போட்டதும் பாரம் ஈடன் தலைக்குப் போய்விட்டது. உண்மையாகச் சொல்கிறார் என்றால் முட்டாள், இல்லையென்றால் என்ன என்பதைக் கேட்கிறவனே நிரப்பிக்கொள்கிறான். நாடாளுமன்றப் பழக்கம் இந்த உத்தியைக் கூர்மையாக்கியிருக்கும் என்பது என் கணிப்பு. காமன்ஸ் சபையில் சக உறுப்பினரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது, சொன்னால் சபாநாயகர் திரும்பப் பெறச் சொல்வார். எழுதி வந்து வாசிப்பதையும் சபை மதிக்காது. எனவே நேர்வசைக்கு வழியில்லாத இடத்தில் சுற்றுவழிகள் பழக்கத்துக்கு வருகின்றன.

அதே சபையில் 1957 மே 16. வெளியுறவு அமைச்சர் செல்வின் லாயிடும் ஈடனுக்குப் பின் பிரதமரான மாக்மில்லனும் எதிரில் இருக்கிறார்கள். வெளியுறவு அமைச்சரைத் தாக்கி நேரத்தை வீணாக்கப் போவதில்லை, அவருக்காக மிகவும் வருத்தப்படவே ஆரம்பித்துவிட்டேன் என்று தொடங்கினார் பெவன். பிறகுதான் அடி: ராகம் பிடிக்கவில்லை என்றால் குரங்கைத் தாக்க வேண்டியதில்லை, வாத்தியப் பெட்டிக்காரரே இங்கே இருக்கும்போது. ஐரோப்பியத் தெருக்களில் கைப்பிடியைச் சுற்றிப் பாட்டு வாசிக்கும் பெட்டியோடும் குரங்கோடும் வருகிற ஆளைச் சொல்கிறார். அந்தப் பெட்டி நமக்குப் பழக்கமில்லை. மொழிபெயர்ப்பவர் ராகத்தை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாம்: ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் குரங்கை ஏன் திட்ட வேண்டும், குரங்காட்டி எதிரில் இருக்கும்போது. உவமை மாறினாலும் வாதம் சேதப்படவில்லை.

திக்குவாய்க்கு வருகிறேன். பெவன் 1897-ல் தெற்கு வேல்ஸின் ட்ரெடிகரில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தார். 13 வயதில் சுரங்கத்தில் இறங்கினார். படித்ததில் பெரும்பகுதி தொழிலாளர் மன்ற நூலகத்தில். எந்தச் சொல்லில் நாக்கு மாட்டும் என்பது திக்குகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். அந்தச் சொல்லைத் தாண்ட அதே பொருளில் வேறு சொல் கைவசம் இருக்க வேண்டும். பெவன் அப்படித்தான் சொற்களைச் சேர்த்தார். அவர் பேச்சில் எதிர்பாராத சொற்கள் வந்து விழுவதற்கு இது ஒரு காரணம். திக்கல் எப்படிப் போனது என்று கேட்டதற்கு, கேட்டவர்களை வதைத்துத்தான் என்று பதில் சொன்னதாக அவரோடு நெருங்கிப் பழகிய மைக்கேல் ஃபுட் எழுதியிருக்கிறார். அதாவது, குணமான பிறகு மேடையேறவில்லை, மேடையேறி ஏறிக் குணமானார். அதன் சாயல் கடைசிவரை இருந்தது. தாழ்ந்த குரலில் தயங்கித் தயங்கித் தொடங்குவார், கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாயும், பிறகே வேகம் பிடிப்பார். தொடக்கத்திலேயே தொண்டையைக் கிழிக்கிற நம் மேடைப் பழக்கத்தில் இந்தச் சாய்வு கிடைக்காமல் போகிறது.

இனி அந்த ஏச்சு. 1948 ஜூலை 4, மான்செஸ்டர். மறுநாள் எல்லாருக்கும் இலவசச் சிகிச்சை தரும் தேசிய மருத்துவச் சேவை தொடங்குகிறது. அதை வடிவமைத்த அமைச்சர் பெவனே மேடையில். வேலையில்லாத இளமையில் சகோதரியின் சம்பளத்தில் வாழ வேண்டியிருந்ததையும், நாட்டைவிட்டுப் போகச் சொன்னதையும் சொல்லிவிட்டு, அதைச் செய்த டோரி (கன்சர்வேட்டிவ்) கட்சியின் மீதுள்ள வெறுப்பை எந்தத் தேனொழுகும் பேச்சும் என் நெஞ்சிலிருந்து எடுக்க முடியாது, என்னைப் பொறுத்தவரை அவர்கள் அந்தப் பூச்சிகளைவிடக் கீழானவர்கள் என்றார்.

கோபம் நியாயமானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இது நகைச்சுவை இல்லை. நீங்கள் சரியாகவே சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். கரி–மீன் வரியில் கேட்பவருக்கு ஒரு வேலை இருக்கிறது, இரண்டு உண்மைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே அவருக்கு எந்த வேலையும் இல்லை. அடி விழுந்த இடமும் தவறு. சொன்னது தன் இளமைக் காலத்து டோரி ஆட்சியாளர்களை, ஆனால் 1945-ல் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்களைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள். டோரி இளைஞர்கள் அந்தச் சொல்லிலேயே சங்கம் அமைத்துப் சின்னம் குத்திக்கொண்டார்கள். பிரதமர் அட்லி கடிதம் எழுதிக் கண்டித்தார். மருத்துவச் சேவை பிறந்த வாரத்தில் பத்திரிகைகளுக்கு வேறு பேச்சு கிடைத்துவிட்டது.

1957 அக்டோபரில் பிரைட்டன் மாநாட்டிலும் இதே வகைத் தவறுதான். ஹைட்ரஜன் குண்டை மற்ற நாடுகளுக்குக் காத்திராமல் பிரிட்டன் தானாகவே கைவிட வேண்டும் என்று நின்றவர்கள் அவருடைய சொந்தத் தோழர்கள். அவர்களிடம், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சரைப் பேச்சுவார்த்தை மேசைக்கு அம்மணமாக அனுப்புவீர்கள் என்றார். அது வாதம், எதிர்வாதம் சொல்லலாம். கூச்சல் எழுந்ததும், இதை நான் உணர்ச்சி வலிப்பு என்பேன் என்றார். அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது, காயப்படத்தான் முடியும். பலருக்கு அந்தக் காயம் ஆறவில்லை.

உங்கள் அடுத்த பேச்சுக்கு ஒரு யோசனை. உங்கள் ஆலையில் நிர்வாகமும் தொழிலாளியும் இருவருமே மறுக்காத இரண்டு செய்திகளை முதலில் தாளில் எழுதுங்கள். சம்பளச் சீட்டில் உள்ள எண்ணாக இருக்கலாம், லாபக் கணக்கில் உள்ள எண்ணாக இருக்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிற இடம் தெரிந்த பிறகு கிண்டலைத் தேடுங்கள். டிரஃபால்கர் சதுக்கப் பேச்சின் ஒலிப்பதிவுத் துண்டு இணையத்தில் கிடைக்கிறது. ஆங்கிலம் முழுதாகப் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, 'மனதாரவே சொல்லலாம்' என்ற இடத்தில் குரல் எவ்வளவு இறங்குகிறது என்பதை மட்டும் நாலைந்து தடவை கேளுங்கள்.

அன்புடன்.