விறாந்தையின் அகலம்

அன்புள்ள அண்ணன்,

மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாறிலிருந்து எழுதுகிறேன். மனையியல் படிப்பிக்கிறேன். எங்கள் வாசிகசாலையில் மாதம் ஒருமுறை கூடி, வாசித்த புத்தகத்தைப் பற்றி ஒருவர் பேசுவது வழக்கம். போன மாதம் என் முறை. மூன்று புத்தகம் கொண்டுபோனேன். வீட்டு அலங்காரம் ஒன்று, கோலம் ஒன்று, பழைய விளையாட்டுகள் ஒன்று. பேசத் தொடங்கியதுமே, எல்லாரும் "சேர்" என்று கூப்பிடுகிற ஒருவர் எழும்பி, "கதை கவிதை எவ்வளவு கிடக்கு, இதெல்லாம் ஒரு வாசிப்பா? நாளைக்குச் சமையல் குறிப்பையும் விமர்சிப்பீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் தடுமாறி, "படங்கள் வடிவு, நல்ல தாள், எல்லா வீட்டிலும் இருக்கவேண்டிய புத்தகங்கள்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால், சொல்லாமல் விட்டதுதான் கூட. கோலப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் "7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி" என்று போட்டிருக்கிறது. படத்தில் எண்ணினால் 35 புள்ளிதான். அலங்காரப் புத்தகம் சொன்னபடி முன்சுவருக்கு வோல்பேப்பர் ஒட்டினோம். மார்கழி மழைக்கு மூலை மூலையாகக் கழன்று தொங்குகிறது. விளையாட்டுப் புத்தகத்தில் உள்ள பல்லாங்குழியை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இத எழுதினவன் விளையாடினவன் இல்ல" என்றுவிட்டா. அவ விளையாடும்போது ஒரு குழியில் நாலு சேர்ந்தால் உடனே எடுத்துவிடுவா. புத்தகத்தில் அப்படி ஒன்றே இல்லை.

இந்த மாதிரிப் புத்தகங்களைப் பற்றி எப்படி அண்ணன் கருத்துச் சொல்வது?

- ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்தச் சேருக்கு ஒரு பதில். ஓம், சமையல் குறிப்பையும் விமர்சிக்கத்தான் வேண்டும். கதை சரியில்லை என்றால் எனக்கு ஒரு பின்னேரம் வீண். வீடு பற்றிய புத்தகம் சரியில்லை என்றால் சீமெந்தும் கல்லும் மேசன் கூலியும் வீண். எதற்குக் கடுமையான வாசகர் வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.

நீங்கள் கூட்டத்தில் சொன்ன மூன்று வசனமும் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லக்கூடியவை. கடிதத்தில் எழுதியிருக்கும் மூன்று விஷயமும் செய்து பார்த்தவருக்கு மட்டும் தெரிந்தவை. இதற்குமேல் விமர்சனம் என்று தனியாக ஒன்று இல்லை.

கோலத்தை எடுங்கள். நடுவரியில் 7, மேலும் கீழும் 6, 5, 4. கூட்டினால் 37. படத்தில் 35 என்றால் எங்கோ இரண்டு புள்ளி அச்சில் விழுந்துவிட்டது. சிக்குக்கோலத்தில் அது சின்னப் பிழை இல்லை. புள்ளியைச் சுற்றிப் போகவேண்டிய கம்பி சுற்ற இடமில்லாமல் நிற்கும். வாசலில் குந்தியிருந்து போட்டுக்கொண்டு போகிற பிள்ளை, பிழை தன்னுடையது என்று நினைத்து அழித்துவிட்டு எழும்பிப் போய்விடும். நல்ல கோலம் ஒரு கணக்கு. 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் கோலத்துக்கு இலக்கணம் எழுதி, அதைக் கணினி விஞ்ஞானத்தின் ஒரு பாடமாகவே ஆக்கினார்கள். புள்ளியை எண்ணிப் பார்த்த நீங்களும் அதே பாதையில்தான் நிற்கிறீர்கள்.

வீடு பற்றிப் பேசினால் என் கதை ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது.

கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞரும் கூட இருந்தவர்களும் 1977இல் "A Pattern Language" என்று ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தார்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல். நகரத்தில் தொடங்கி யன்னல் ஓரத்து இருக்கை வரைக்கும் 253 அமைப்புகள். எனக்குப் பிடித்தது அதில் உள்ள ஒரு நேர்மை. ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் அவர்களே நட்சத்திரம் போட்டிருப்பார்கள். இரண்டு நட்சத்திரம் என்றால் எங்கும் எப்போதும் நிற்கிற உண்மை என்று நம்புகிறார்கள். ஒன்று என்றால் பாதி வழி வந்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் அந்த உண்மையைத் தாங்கள் இன்னும் பிடிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். வாசகர் போடவேண்டிய மதிப்பெண்ணை எழுதியவரே, தன் கையைத் தானே அடக்கிக்கொண்டு போட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதில் 167ஆவது, பல்கனி பற்றியது. ஆறடிக்குக் குறைந்த ஆழமுள்ள பல்கனியையோ விறாந்தையையோ மனிதர் அநேகமாகப் பயன்படுத்துவதே இல்லை என்கிறார்கள். வாசித்துவிட்டு, வெள்ளைக்காரன் விறாந்தைக்கு ஆறடி தேவையாக இருக்கும், நமக்கென்ன என்று நினைத்தேன். பிறகு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு என் வீட்டு விறாந்தைக்குப் போனேன். நாலரை அடி. பத்து வருடமாக அங்கே இரண்டு பிளாஸ்டிக் கதிரை கிடக்கிறது. வருகிற ஆள் எவரும் அதில் இருப்பதில்லை. முற்றத்து வேம்பின் கீழ் போய் இருப்பார்கள், அல்லது நேரே உள்ளே வருவார்கள். எங்களுடையது மனுசர் அண்டாத வீடு என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். காரணம் ஒன்றரை அடி. முழங்கால் அரைச்சுவரில் முட்டினால் யார்தான் இருந்து கதைப்பார்? அம்மாவின் பழைய வீட்டு விறாந்தையை நினைவில் அளந்தேன். பாய் விரித்துக் குறுக்காகப் படுக்கலாம். அங்கே நெல் விலை, கலியாணப் பேச்சு, சண்டை எல்லாம் நடந்தது.

அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிகப் பெறுமதியான கருத்து இந்த நாலரை அடிதான்.

அதே புத்தகம் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கத்திலிருந்து வெளிச்சம் வேண்டும் என்கிறது. நமக்கு அதோடு காற்றையும் சேர்க்கவேண்டும். கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசுகிற மாதங்களில் ஒற்றை யன்னல் அறையில் மத்தியானம் படுத்துப் பாருங்கள், புரியும். உங்கள் அலங்காரப் புத்தகத்தின் படங்களை ஒருமுறை திரும்பப் புரட்டுங்கள். திறந்த யன்னல் ஒன்றாவது இருக்கிறதா? அநேகமாக இராது. மூடிய யன்னல், கனத்த சீலை, குளிரூட்டி. அந்த அறையில் வோல்பேப்பர் நிற்கும். கல்லாறில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மழைக்காலத்தில் சுவரே தண்ணீர் குடித்துவிட்டு நிற்கிறது, தாள் எங்கே ஒட்டும்? புத்தகம் பொய் சொல்லவில்லை. எந்த ஊர்ச் சுவருக்குச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அதை நீங்கள் எழுதுங்கள்.

அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. அந்த வகைப் புத்தகங்கள் எல்லாம் ஒரு புருசன், ஒரு பெண்சாதி, இரண்டு பிள்ளை, சாகும்வரை அதே வீடு என்று நினைத்து எழுதப்பட்டவை. நம் பக்கத்தில், தமிழரிலும் சரி முஸ்லிம்களிலும் சரி, வீடு பெண்பிள்ளைக்கு. மூத்தவள் கலியாணம் கட்டினால் வீடு அவளுக்குச் சீதனம். தாயும் தகப்பனும் மிச்சப் பிள்ளைகளோடு பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்குப் போவார்கள், அல்லது இரண்டாவது மகளுக்கு என்று அடுத்த அத்திவாரம் போடுவார்கள். பெரிய படுக்கையறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று புத்தகம் கேட்கிறது. அந்த அறை யாருடையது? நிறம் காய்ந்து ஐந்து வருடத்தில் மருமகன் வந்துவிடுவார். நம்முடைய வீடுகள் பாதி பூசியும் பாதி பூசாமலும் கிடப்பதை வெளியூர் ஆட்கள் பார்த்து, இவர்களுக்கு ரசனை இல்லை என்பார்கள். அடுத்த மகளின் வீட்டுக்குக் கல் வாங்கவேண்டிய காசை முதல் வீட்டுச் சுவரில் எப்படிப் பூசுவது? இதைக் கணக்கில் எடுத்து ஒரு வீட்டலங்காரப் புத்தகம் தமிழில் வந்தால் முதல் பிரதி எனக்கு வேண்டும்.

இனி அம்மம்மா. அவ சொன்னதில் பாதி சரி, பாதிக்கு நான் புத்தகம் எழுதியவரின் பக்கம்.

பல்லாங்குழி ஒரு விளையாட்டு இல்லை, ஒரு பலகை. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. வெறுங்குழி வந்தால் அதைத் தடவி அடுத்த குழியில் உள்ளதை அள்ளுவது பல இடங்களில் ஒன்றுதான். குழிக்கு எத்தனை கொட்டை, நாலு சேர்ந்தால் எடுப்பதா விடுவதா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும், சில வேளை வீட்டுக்கு வீடு மாறும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்த ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயர் பண்டைய இலங்கை பற்றி 1909இல் எழுதிய நூலில் சிங்கள மக்களின் விளையாட்டுகளுக்கும் இடம் கொடுத்தார். குன்றிமணி வைத்து ஆடும் ஒலிந்த பலகையைச் சொல்லும்போது ஒரே ஆட்டத்தோடு நிறுத்தவில்லை. அதே பலகையில் ஆடும் வெவ்வேறு ஆட்டங்களை வேறு வேறு பெயரோடு எழுதினார். குளம் கட்டும் ஆளுக்கு அந்தப் பொறுமை இருந்தது. உங்கள் புத்தகத்தை எழுதியவர் ஒரு விதியை மட்டும் போட்டு, அதுதான் பல்லாங்குழி என்றுவிட்டார். அவர் விளையாடாதவர் என்று நான் சொல்லமாட்டேன், வேறு ஊரில் விளையாடியிருப்பார். எந்த ஊர் என்று எழுதாததுதான் குறை.

இன்னொன்று பாருங்கள். அந்தப் புத்தகத்தில், தேங்காயோடு தேங்காய் மோதுகிற போர்த்தேங்காயும் கொம்புமுறியும் இருக்கிறதா, இருந்தால் எங்கே வைத்திருக்கிறார்? கொம்புமுறியைக் கிளித்தட்டுக்கும் தாயத்துக்கும் நடுவில், சிறுவர் விளையாட்டு என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் நிற்கவேண்டும். வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து, மரக்கொம்போடு மரக்கொம்பு கொளுவி, முறியும்வரை இழுப்பது கண்ணகியம்மனுக்கான சடங்கு. விதியை மட்டும் எழுதிவிட்டு அம்மனை விட்டால், கயிறிழுத்தலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

அடுத்த கூட்டத்துக்குப் பல்லாங்குழிப் பலகையையும் புளியங்கொட்டையையும் கொண்டுபோங்கள். அந்தச் சேரைப் புத்தகத்தில் உள்ளபடி ஆடச் சொல்லுங்கள், அம்மம்மா தன் முறைப்படி ஆடட்டும். மூன்றாவது சுற்றுக்குள் சத்தம் வரும். அப்போது கிளம்புகிற கேள்விகளைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். கோலப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் பென்சிலால் "37" என்று எழுதிவிட்டே வாசிகசாலைக்குத் திருப்பிக் கொடுங்கள். நூலகர் ஏசினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

எனக்காக அம்மம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதவேண்டும். ஒரு ஆட்டம் முடிந்து தோற்றவளுக்கு அடுத்த ஆட்டத்தில் ஏழு குழியையும் நிரப்பக் கொட்டை காணாவிட்டால், அவ கடன் கொடுப்பாவா, குழியை மூடச் சொல்வாவா? என் பெரியம்மா கடன் கொடுப்பா. ஆனால் அடுத்த ஆட்டத்தில் வட்டியோடு வாங்கிவிடுவா.

அன்புடன்,
அண்ணன்
மட்டக்களப்பு