ஆய்விதழ்களில் எழுத்துத் திருட்டு: கேள்வி பதில்

கேள்வி: ஒப்புமை எத்தனை விழுக்காட்டுக்குள் இருந்தால் கட்டுரை ஏற்கப்படும்?

பதில்: ஐதென்டிகேட் போன்ற மென்பொருள் காட்டும் எண் திருட்டின் அளவு அன்று, ஏற்கெனவே வெளியானவற்றோடு உங்கள் எழுத்து எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். மேற்கோள்களும் நூற்பட்டியலும் சேர்ந்து 30 விழுக்காடு காட்டும் கட்டுரை குற்றமற்றதாக இருக்கலாம். வெறும் 8 விழுக்காடு காட்டும் கட்டுரையில் அந்த எட்டும் ஒரே மூலத்திலிருந்து அப்படியே முடிவுகள் பகுதிக்குள் வந்திருக்கலாம். ஆகவே, அறிக்கையைத் திறந்து பத்தி பத்தியாகப் படித்துப் பார்க்காத இதழாசிரியர் தம் கடமையைச் செய்யவில்லை என்றே கருதுகிறேன்.

கேள்வி: சொற்களை மாற்றித் தரும் செயலியைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. ஆங்கிலக் கட்டுரைகளில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்பதைப் ‘போலி உணர்வு’ என்று பொருள்படும் தொடராகச் சிதைத்தவை இத்தகைய செயலிகளே. கபனாக், லாபே, மகாசினோவ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2021இல் அப்படிச் சிதைந்த தொடர்களையே தடயமாகக் கொண்டு ஐயத்திற்குரிய கட்டுரைகளை இனங்கண்டனர்.

கேள்வி: எனக்கு 18 விழுக்காடு வந்துள்ளது. போதுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் பழைய கட்டுரையின் வாக்கியத்தை நானே எடுத்தால் அது எப்படித் திருட்டாகும்?

பதில்: முடிவுகளை மீண்டும் புதியவைபோல் வெளியிட்டால், பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிடுவோர் ஒரே தரவை இருமுறை எண்ணுவார்கள், ஒரு மருந்து உண்மையில் இருப்பதைவிட நன்றாக வேலை செய்வதாகத் தோன்றிவிடும்.

கேள்வி (அவரே மீண்டும்): நான் கேட்டது செய்முறையைப் பற்றி. அங்கே சொல்லை மாற்றினால் பொருளே மாறிவிடுமே?

பதில்: அந்த மறுப்பு நியாயமானது. செய்முறைப் பகுதியில் துல்லியமே முதன்மை என்பதால் பல இதழ்கள் ஓரளவு மறுபயன்பாட்டைப் பொறுத்துக்கொள்கின்றன. பழைய கட்டுரையைச் சுட்டி, கட்டுரையோடு இதழுக்கு அனுப்பும் கடிதத்திலும் அதை வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: பிடிபட்டால் என்ன ஆகும்?

பதில்: 1997இல் தோன்றிய கோப் என்னும் பதிப்பு நெறிக்குழு இதற்குப் படிநிலைகளை வகுத்துள்ளது. வெளியாகும் முன்னர் என்றால் இதழாசிரியர்கள் முதலில் விளக்கம் கேட்பார்கள். சிறு பிழையாயின் திருத்தச் சொல்வார்கள். பெருந்திருட்டாயின் நிராகரிப்பதோடு, விளக்கம் நிறைவளிக்காவிட்டால் உங்கள் நிறுவனத்துக்கும் எழுதக்கூடும். வெளியான பின்னர் மீளப்பெறப்பட்டால், காரணத்தைக் கூறும் அறிவிப்பு கட்டுரையோடு இணைந்தே நிற்கும்.

கேள்வி: 12 விழுக்காடு?

பதில்: எண்ணை விடுங்கள், எந்த வரிகள் ஒத்துப்போகின்றன என்று பாருங்கள்.

கேள்வி: வேற்றுமொழிக் கட்டுரையை மொழிபெயர்த்தால் மென்பொருள் கண்டுபிடிக்குமா?

பதில்: பல வேளைகளில் தவறவிடும். ஆனால் மதிப்பீட்டாளர்கள் அத்துறையை அறிந்தவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். உங்கள் கட்டுரை மூல ஆசிரியரின் மேசைக்கே போய்ச் சேரலாம்.