பட்டறைத் தபால்: கேனில் வரும் டீசல்

தண்டையார்பேட்டையில் 34 ஆண்டுகளாக டீசல் பம்ப், இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் கருவி) பழுது பார்க்கும் பட்டறை நடத்துபவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: நான் குட்டி யானை ஓட்டுகிறேன். 2021 மாடல். எங்கள் தெருவுக்கு வாரம் இரண்டு முறை ஒருவர் கேன்களில் டீசல் கொண்டுவருகிறார். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு வரி இல்லாமல் கொடுக்கும் டீசலாம். பங்க் விலையைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய் குறைவு. படகுக்கு ஊற்றுவதும் வண்டிக்கு ஊற்றுவதும் ஒரே டீசல்தானே? ஊற்றினால் என்ன கெட்டுவிடும்?
— மினி லாரி ஓட்டுநர், கொருக்குப்பேட்டை

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு உங்களுக்குப் பிடித்த பதிலையே சொல்லிவிடுகிறேன். ஆமாம், ஒரே டீசல்தான். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ்-6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்து டீசல்தான். கந்தகம் பத்து லட்சம் பங்குக்கு 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. படகுக்கென்று தனி டீசல் எதுவும் காய்ச்சுவதில்லை. அரசு தள்ளுபடி செய்வது விற்பனை வரியை மட்டும்தான். தமிழ்நாட்டில் டீசலுக்கு 11 சதவீதமும், அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் அந்த வரி. லிட்டர் 92 ரூபாய் என்றால் ஏறத்தாழ 18 ரூபாய் அதில் போகிறது. உங்களுக்குப் பத்து ரூபாய் விட்டுக்கொடுக்கும் புண்ணியவான் மீதி எட்டு ரூபாயை யாருடன் பங்கு போடுகிறார் என்று கேட்டுப் பார்த்தீர்களா?

எனக்கு வேறொரு சந்தேகம். ஒரு விசைப்படகுக்கு வரியில்லா டீசல் ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்று நெடுநாள் இருந்தது. பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். பழைய அளவை மாதக் கணக்கில் பார்த்தால் 1,500 லிட்டர். பத்து நாள் கடலில் தங்கித் தொழில் செய்யும் படகுக்கு ஒரு பயணத்துக்கே ஆயிரக்கணக்கான லிட்டர் வேண்டும். ஒழுங்காகத் தொழிலுக்குப் போகிற படகுக்காரர் சலுகை டீசல் தீர்ந்து வெளியே முழு விலை கொடுத்து வாங்குகிறார். அவரிடம் விற்க மிச்சம் ஏது? கரையில் சும்மா கட்டிக் கிடக்கும் படகின் கணக்கில் எடுத்ததாக இருக்கலாம். இல்லையென்றால் அது படகு டீசலே இல்லை. கப்பல் தொட்டியைக் கழுவிய கசடு, ஏதோ தொழிற்சாலைக் கரைப்பான், நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் எந்த எண்ணெயாகவும் இருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களிலும் உங்கள் தெருவுக்குக் கேன் தவறாமல் வந்ததா என்று நினைத்துப் பாருங்கள். வந்திருந்தால் பதில் உங்களிடமே இருக்கிறது.

இப்போது கெடுவதைப் பற்றி. போன ஆண்டு ஐப்பசி மழையில் மீன் ஏற்றும் பிக்கப் வேன் ஒன்றை என் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை, பிறகு மொத்தமாக நின்றுவிட்டது என்றார் ஓட்டுநர். டீசல் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு ஒன்று உண்டு. அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்தேன். மேலே டீசல், கீழே இரண்டு விரற்கடை உயரம் தெளிந்த தண்ணீர், இரண்டுக்கும் நடுவே பழுப்பு நூல்போல ஏதோ மிதந்தது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் வளரும் பூஞ்சை அது. அந்தத் தண்ணீரை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். (நீங்கள் செய்யாதீர்கள், எனக்குப் பழகிவிட்டது.) உப்பு. ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் காலத்து எஞ்சின் என்றால் இதையும் குடித்துவிட்டுப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியிருக்கும். நான் தொழில் கற்ற நாட்களில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய லாரிகள் எத்தனையோ. இப்போது வருவது காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் அமைப்பு. டீசலை 1,600 பார், சில வண்டிகளில் 2,000 பார் அழுத்தத்தில் பீய்ச்சுகிறது. கார் டயரின் காற்றழுத்தத்தைப்போல 700 மடங்குக்கும் மேல். இன்ஜெக்டருக்குள் இருக்கும் ஊசிக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த இடைவெளிக்கு மசகு போடத் தனி ஆயில் கிடையாது, டீசலேதான் மசகு. அங்கே உப்புத் தண்ணீர் போனால் துரு பிடிக்கும். மண்ணெண்ணெயோ கரைப்பானோ போனால் வழுவழுப்புப் போய் இரும்போடு இரும்பு தேயும். அந்த வேனின் ஊசியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் அவருக்குக் காட்டினேன். பளபளவென்று இருக்க வேண்டிய இடத்தில் புளித்தண்ணீரில் ஊறிய ஆணிபோலப் பழுப்புப் புள்ளிகள். நான்கு இன்ஜெக்டர், பம்ப், தொட்டி கழுவும் செலவு எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய் ஆயிற்று.

உங்கள் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு 10 லிட்டர், மாதம் 26 நாள் ஓட்டம் என்றால் உங்களுக்கு மிச்சம் 2,600 ரூபாய். அந்த வேன்காரரின் பில்லுக்கு ஈடுகட்ட 30 மாதம் எதுவும் கெடாமல் ஓட வேண்டும். உங்கள் வண்டிக்கு இரண்டே இன்ஜெக்டர் என்பதால் பாதி என்று வைத்துக்கொண்டாலும் 15 மாதம். காப்பீடு இருக்கிறது என்று நினைக்காதீர்கள், எஞ்சின் உள்கோளாறு சாதாரண வாகனக் காப்பீட்டில் வராது. கேன்காரர் பில் கொடுப்பதில்லை, ஆகவே நுகர்வோர் நீதிமன்றத்தில் காட்டவும் உங்களிடம் ஒன்றும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல், டீசல் முறைகேடுகளைத் தடுக்க 2005-இல் மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அனுமதியின்றி விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் வைத்திருப்பதும் அதில் முறைகேடுதான். அது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருவது. மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்று எழுதியிருக்கிறது. கேன்காரர் ஓடிவிடுவார். எண் பலகையோடு தெருவில் நிற்பது உங்கள் வண்டி.

கேள்வி: என் கணவர் மாடிப்படிக்குக் கீழே ஒரு பேரலில் டீசல் வாங்கி வைத்திருக்கிறார். 200 லிட்டர் பிடிக்கும். பெட்ரோல் மாதிரி இது தீப்பிடிக்காது என்கிறார். எனக்குத் தூக்கம் வருவதில்லை.
— இல்லத்தரசி, ராயபுரம்

பதில்: அம்மா, அவர் சொல்வதில் பாதி சரி என்பதுதான் சிக்கல். டீசல் பெட்ரோல்போலத் தீப்பொறி பட்டவுடன் பற்றாது. பெட்ரோலியச் சட்டப்படி 2,500 லிட்டர் வரை, ஒரு கலனில் 1,000 லிட்டருக்கு மிகாமல், சேமிப்பு உரிமம் இன்றி வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணைச் சொல்லி அவர் உங்கள் வாயை அடைக்கக்கூடும். அந்தச் சலுகை தீ விபத்தைக் கருதி எழுதிய உரிம விதிக்குத்தான்; எங்கிருந்து வந்த டீசல் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

மறுபாதியை அவரிடம் சொல்லுங்கள். டீசலின் ஆவி நெருப்பைப் பிடிக்கும் வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதுதான் நம் நாட்டுத் தரம். சித்திரை வெயிலில் காற்றோட்டம் இல்லாத மாடிப்படி அறை அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். இது சுத்தமான டீசலின் கணக்கு. வேறு கரைப்பான் கலந்திருந்தால் இன்னும் கீழேயே பற்றும். பேரலைத் துடைத்த துணியை அங்கேயே சுருட்டிப் போடுவது, பக்கத்தில் இன்வெர்ட்டர், சாமி விளக்கு, கொசுவர்த்தி: எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பேரலிலிருந்து குழாய் போட்டு வாயால் உறிஞ்சி எடுக்கிறாரா? என் பட்டறைப் பையன் ஒருவன் அப்படி உறிஞ்சி, இரண்டு மிடறு புரைக்கேறி, நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தான். வயிற்றுக்குள் போனதைவிட நுரையீரலுக்குள் போன சில துளிதான் ஆபத்து என்றார் மருத்துவர். அப்படி ஏதும் நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியில் மறுபடி நுரையீரலுக்குப் போகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கைப்பம்ப் ஒன்று சில நூறு ரூபாய்தான், ஆனால் அதை வாங்கிக் கொடுத்து பேரலை நிரந்தரமாக்கிவிடாதீர்கள்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். பக்கத்துப் பண்ணையில் டிராக்டருக்குச் சிவப்பு நிற டீசல் ஊற்றுகிறார்களாம், மிக மலிவாம். மருமகன் காருக்கு வாங்கலாமா என்று யோசிக்கிறார். நம் ஊரில் ஏன் அப்படி நிறம் சேர்ப்பதில்லை?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவொற்றியூர்

பதில்: ஐயா, இன்றைக்கே மருமகனுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அங்கே சாலை டீசலுக்கு லிட்டருக்கு 53 பென்ஸ் அளவில் வரி, பண்ணை டீசலுக்கு 10 பென்ஸ் சொச்சம். இந்த இடைவெளியைப் பார்த்து ஆசைப்படுவார்கள் என்று தெரிந்துதான் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அடையாளப் பொருளும் சேர்க்கிறார்கள். வரித்துறையினர் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, தொட்டியில் குழாய் விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். அபராதம் உண்டு, வண்டியையே பறிமுதல் செய்யவும் அதிகாரம் உண்டு. ஒரு முறை ஊற்றிவிட்டுப் பிறகு நல்ல டீசல் நிரப்பினாலும் தடயம் சட்டென்று போகாது. 2022 ஏப்ரலில் கட்டுமானத் தொழில் உள்படப் பலருக்கு இந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். விவசாயம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் தொடரும் அளவுக்குப் பட்டியல் சுருங்கிவிட்டது.

அயர்லாந்தில் பண்ணை டீசல் பச்சை. அங்கே எல்லைப் பகுதியில் அமிலம் போட்டுச் சாயத்தை வெளுத்து விற்ற கூட்டங்கள் உண்டு. மிஞ்சிய அமிலச் சகதியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்களாம். அந்த டீசல் எந்த எஞ்சினுக்குப் போயிற்றோ, அந்த ஊரிலும் என்னைப்போல ஒருவன் உட்கார்ந்து ஊசிகளைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

நம் ஊரில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் சேர்த்தார்கள், நினைவிருக்கும். நீலம் கலந்த டீசலைத் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறேன். படகு டீசலுக்குச் சாயம் இல்லாததால்தான் கேன்காரர்கள் கவலையில்லாமல் திரிகிறார்கள். சாயம் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. மீனவருக்குப் போக வேண்டிய சலுகை நடுவில் கசிவதைப் பார்த்து, சலுகையே வேண்டாம் என்று ஒரு நாள் யாராவது கையெழுத்துப் போட்டால் அடிபடுவது கேன்காரர் அல்ல.

கேள்வி: விவசாயிகளுக்கும் அப்படி வரியில்லா டீசல் உண்டா? எங்கள் டிராக்டரில் செங்கல் லோடும் அடிக்கிறோம்.
— மீஞ்சூர் வாசகர்

பதில்: இங்கே டிராக்டரும் பங்கில் முழு விலைக்குத்தான் போட வேண்டும். விவசாயிக்குக் கிடைப்பது பம்ப் செட்டுக்கு இலவச மின்சாரம். விவசாய டீசல் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் அவர் முதல் வாக்கியத்திலேயே பொய் சொல்கிறார்.

கேள்வி: புத்தி கெட்டு இரண்டு கேன் ஊற்றிவிட்டேன். எஞ்சின் விட்டுவிட்டு இடிக்கிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது. என்ன செய்ய?
— பெயர் வேண்டாம், எர்ணாவூர்

பதில்: முதலில் சாவியை அணைத்துவிட்டு வெளியே எடுங்கள். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரைப் பம்புக்குள் நீங்களே தள்ளுகிறீர்கள். மேலே நல்ல டீசல் நிரப்பினால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். தண்ணீர் கனமானது, தொட்டியின் அடியில்தான் கிடக்கும். உறிஞ்சும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. வண்டியை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். தொட்டியை முழுதாக வடித்து, கழுவி, ஃபில்டரை மாற்றி, குழாய்களைச் சுத்தம் செய்தால் இரண்டு மூன்றாயிரத்தில் தப்பிக்க வழி உண்டு. இன்ஜெக்டர் ஊசி ஏற்கெனவே அசையாமல் இறுகிவிட்டிருந்தால் தப்பிக்க முடியாது. என்னிடம் வருவதானால் அந்தக் கேனையும் எடுத்து வாருங்கள், அடியில் மிச்சம் இருப்பதைக் கொட்டிவிடாமல்.