எக்ஸெல்லுக்கு எதற்குத் தம்பி கிளட்ச் கேபிள்?

கேள்வி: எனக்கு வயது 29. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாலாஜாபாத் பக்கம் எங்கள் ஊர். தினமும் போக வர 50 கிலோமீட்டர் பைக்கில்தான். 2014-ல் வாங்கிய 100 சிசி வண்டி, ஸ்போக் சக்கரம், டியூப் டயர். போன மாதம் இரண்டாவது ஷிப்ட் முடிந்து வரும்போது கிளட்ச் கேபிள் அறுந்து நடுவழியில் நின்றுவிட்டேன். இரவு பதினொன்றரை மணி. கடை எதுவும் இல்லை. அப்பாவுக்கு போன் செய்தேன். நல்லவேளை, அவர் வீட்டில் ஒரு கேபிள் வைத்திருந்தார். அதையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு தன் டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்டில் வந்து மாட்டிக் கொடுத்தார். வண்டியில் என்னென்ன டூல்ஸ், ஸ்பேர் வைத்துக்கொள்ள வேண்டும்? ஒரு 46 பீஸ் சாக்கெட் செட் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?
(வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்)

பதில்: தம்பி, சாக்கெட் செட்டை அப்புறம் பார்ப்போம். "நல்லவேளை, அவர் வீட்டில் ஒரு கேபிள் வைத்திருந்தார்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

உங்கள் அப்பா ஓட்டுவது எக்ஸெல். அதில் கியர் மாற்றும் வேலை இல்லை. கிளட்ச் தானாகவே பிடிக்கும், தானாகவே விடும். கிளட்ச் லீவரும் கிடையாது, அதற்கொரு கேபிளும் கிடையாது. அப்படியிருக்க, உங்கள் வண்டிக்குச் சரியாகப் பொருந்துகிற கிளட்ச் கேபிள் அந்த வீட்டுக்கு எப்படி வந்தது? ஒருவர் கடைக்குப் போயிருக்கிறார். வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொல்லிக் கேட்டிருக்கிறார். தன் காசைக் கொடுத்து வாங்கி வந்து வைத்திருக்கிறார். இதில் வேளை எங்கே வந்தது?

கிளட்ச் கேபிள் பெரும்பாலும் சொல்லாமல் அறுவதில்லை. பல மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்தது அது. லீவருக்குள் உட்காருகிற குண்டுக்குப் பக்கத்தில்தான் முதலில் ஒரு இழை போகும், பிறகு இரண்டாவது. நுனி பிரிந்து சிலிர்த்துக்கொண்டு நிற்கும். லீவர் கனக்கும், தொய்யும், அட்ஜஸ்டரை அடிக்கடி திருக வேண்டியிருக்கும். இதெல்லாம் நாள்கணக்கில் நடக்கிற விஷயம். அந்த லீவரை ஒரு நாளைக்கு நூறு தடவை பிடித்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியவில்லை. வாசலில் நிற்கிற வண்டியைப் போகிறபோக்கில் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது. "கேபிள் பிரியுதுடா, மாத்திடு" என்று ஒரு தடவையாவது சொல்லியிருப்பார். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே "சரிப்பா" என்றிருப்பீர்கள். இல்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் வயதை எழுதியிருக்கிறீர்கள், அவர் வயதை எழுதவில்லை. 29 வயதுப் பிள்ளைக்கு அப்பா என்றால் அறுபதுக்கு முன்னே பின்னே இருப்பார். வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் இரவில் எவ்வளவு லாரி, எவ்வளவு கண்டெய்னர் ஓடும் என்று தினமும் பார்க்கிறவர் நீங்கள். எதிர் வெளிச்சம் கண்ணைக் கூசுகிற அந்த நேரத்தில் அவரை எக்ஸெல்லில் வரவைத்திருக்கிறீர்கள். திரும்பும்போது அவர் முன்னால் போனாரா, நீங்கள் முன்னால் போனீர்களா? அம்மா எத்தனை மணிக்குத் தூங்கினார்? கடிதத்தில் இதெல்லாம் இல்லை. சாக்கெட் செட் இருக்கிறது.

இதே கேள்வி எனக்குப் பல வருடமாக வருகிறது. எல்லோரும் பட்டியல்தான் கேட்பார்கள். கொஞ்சம் கிளறினால் ஒவ்வொரு கதையிலும் ஓர் அப்பாவோ அண்ணனோ தாய்மாமாவோ தூக்கத்திலிருந்து எழுந்து வந்திருப்பார். வர மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதரை நடுராத்திரியில் கேபிளுக்காகக் கூப்பிடக் கூடாது என்பது என் கட்சி. விழுந்து அடிபட்டால் கூப்பிடுங்கள், உடம்புக்கு முடியவில்லை என்றால் கூப்பிடுங்கள், குடும்பம் அதற்குத்தான். பத்து நிமிட வேலை தெரியாததற்கு அப்பாவைச் சாலையில் இறக்காதீர்கள். "அவருக்கு அது சந்தோஷம்தான்" என்பீர்கள். சந்தோஷமாகத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டு வாசலில் கொடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். அந்த 46 பீஸ் செட் வேண்டாம். அதில் பாதி, திருப்புளி முனைகள். சாக்கெட் பெரும்பாலும் 14 மில்லிமீட்டரிலேயே முடிந்துவிடும். சக்கரத்தின் அச்சு நட்டு அதைவிடப் பெரியது. பெரிய சாக்கெட் இருந்தாலும் அந்தச் சின்னக் கைப்பிடி அந்த இறுக்கத்துக்குத் தாங்காது. ஸ்பார்க் பிளக்கின் ஆழத்துக்குப் போகிற சாக்கெட்டும் அதில் இருக்காது. பெட்டி மட்டும் பெரிதாக இருக்கும்.

வண்டியோடு வந்த டூல் பை எங்கே? சைடு கவருக்குள் இல்லையென்றால் வீட்டில் தேடுங்கள். அதிலிருக்கும் பிளக் ஸ்பேனர் உங்கள் வண்டிக்கென்றே செய்தது. துருப்பிடித்திருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேயுங்கள். அதோடு 8, 10, 12, 14 அளவில் நல்ல இரும்பில் ஸ்பேனர் வாங்குங்கள், உங்கள் வண்டியில் அடிக்கடி கைபடுகிற நட்டு போல்ட்டெல்லாம் அநேகமாக அதற்குள் அடங்கிவிடும். அச்சு நட்டின் அளவை உங்கள் வண்டியிலேயே வைத்துப் பார்த்து, அதற்கு ஒரு ரிங் ஸ்பேனர். இரண்டு பக்கமும் போடுகிற ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, கட்டிங் பிளேயர் ஒன்று, இன்சுலேஷன் டேப், கொஞ்சம் கட்டுக்கம்பி. எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுருட்டி, பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி வையுங்கள், கடகடவென்று ஆடாது. மழைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை.

டார்ச் தலையில் மாட்டுகிற மாதிரி வாங்குங்கள். செல்போன் வெளிச்சத்தை வாயில் கடித்துக்கொண்டு கேபிள் மாட்ட முடியாது. தவிர, அந்த சார்ஜ் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டியது.

இனி ஸ்பேர். முதலில் கேபிள். கிளட்ச் கேபிளை டப்பாவில் சுருட்டி வைப்பதைவிட, இப்போது ஓடுகிற கேபிளின் கூடவே புதியதையும் ஓட்டி, டேப் போட்டுக் கட்டி வைப்பது நல்லது. இரண்டு முனையிலும் தண்ணீர் புகாமல் சின்ன உறை போட்டுவிடுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, எங்கும் இழுபடவில்லை, முனை எதிலும் சிக்கவில்லை என்று பாருங்கள். பழையது அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டுவதுதான் வேலை. முதலில் என்ஜின் பக்கம், பிறகு லீவர் பக்கம். லீவரில் இருக்கிற அட்ஜஸ்டரின் வெட்டும் பூட்டு நட்டின் வெட்டும் ஒரே கோட்டில் வந்தால் கேபிள் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். கடைசியில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் பிளேட் தேயும். ஆக்சிலரேட்டர் கேபிளும் ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள்.

அடுத்தது காற்று. உங்களுடையது டியூப் டயர். டியூப்லெஸ் வைத்திருக்கிறவர்கள் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை ராவி, ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துக் கிளம்பிவிடலாம். உங்களுக்கு அது கிடையாது. பின் சக்கரத்தைக் கழற்றி டயரைப் பிரித்தால்தான் உண்டு. அதை இரவில், அந்தச் சாலை ஓரத்தில், தனியாகச் செய்யாதீர்கள். காலால் மிதிக்கிற சின்னப் பம்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக இறங்குகிற பஞ்சர் என்றால் காற்றடித்து அடித்து அடுத்த கடைவரை போய்விடலாம். காற்று இறங்கினால் முதலில் வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் பஞ்சரே இல்லை, உள்ளே இருக்கிற வால்வு பின் தளர்ந்திருக்கிறது. பத்து ரூபாய் மூடியிலேயே அதைத் திருகுகிற வெட்டு வைத்து வருகிறது, அந்த மாதிரி மூடி இரண்டு வாங்கிப் போடுங்கள்.

டியூப் ஒன்றும் கூடவே இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அளவைப் பார்த்து வாங்குங்கள். பஞ்சர் கடை திறந்திருந்தும் உங்கள் அளவு இல்லாமல் போகலாம். வால்வு அடியோடு பிய்ந்துவிட்டால் ஒட்டுப் போட முடியாது, டியூபைத்தான் மாற்ற வேண்டும். பவுடர் தூவித் துணியில் சுற்றி வையுங்கள். ஸ்பேனரோடு சேர்த்துத் திணித்தால் உரசி உரசி உள்ளேயே ஓட்டை விழுந்துவிடும்.

மற்றவை சின்னவை. புது பிளக் ஒன்று. என்ஜின் சூடு ஆறிய பிறகு, முதலில் கையாலேயே மரை ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போடுங்கள். ஃபியூஸ் இரண்டு, பழையதில் போட்டிருக்கும் அதே எண்ணில். பெரிய எண் போட்டால் ஃபியூஸ் போகாது, வயர் எரியும். ஹெட்லைட் பல்பு ஒன்று, கண்ணாடியில் விரல் படாமல் மாட்ட வேண்டும். செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கிற செயின் லாக் ஒன்று. செயின் பட்டையில் அதன் எண் இருக்கும், அதே எண் வாங்குங்கள். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், மாற்றிப் போட்டால் கழன்றுவிடும். அப்புறம், பெட்ரோல் திருகை ரிசர்வில் வைத்தே ஓட்டுகிற பழக்கம் இருந்தால் விடுங்கள். அந்தக் கடைசி ஒரு லிட்டரும் ஒரு ஸ்பேர்தான்.

வண்டி நின்றால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து கழற்றத் தொடங்காதீர்கள். முடிந்தவரை தள்ளிக்கொண்டு ஒரு பெட்ரோல் பங்க் வெளிச்சத்துக்கோ டீக்கடை வாசலுக்கோ போங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

இவ்வளவையும் வாங்கிப் பையில் போட்டுவிட்டால் போதாது. வரும் ஞாயிற்றுக்கிழமை வாசலில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அவர் உட்காரட்டும், நீங்கள் கீழே உட்காருங்கள். கிளட்ச் கேபிளை நீங்களே கழற்றி, நீங்களே மாட்டுங்கள். ஒரு தடவை மெதுவாக, அடுத்த தடவை கடிகாரத்தைப் பார்த்து. மூன்றாவது தடவை விளக்கை அணைத்து அந்தத் தலை டார்ச்சில், சாயங்காலம். பிளக், ஃபியூஸ், பல்பு எல்லாம் அதே மாதிரி. அவர் கை தானாக நீளும், ஸ்பேனரைப் பிடுங்கப் பார்ப்பார். கொடுக்காதீர்கள். வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கேபிளை எப்போது வாங்கினார் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கையைக் கழுவ எழுந்துவிடாதீர்கள். எக்ஸெல்லை இழுத்துப் பக்கத்தில் நிறுத்துங்கள். அன்றிரவு உங்களுக்காக வந்த வண்டி அது. டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பிரேக் பிடிக்கிறதா, ஹெட்லைட் சாலையில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிளை அந்தக் குண்டுவரைக்கும் பாருங்கள். அதற்கு ஒரு கேபிளும் ஒரு பிளக்கும் ஒரு பல்பும் நீங்கள் வாங்கி வந்து, உங்கள் கேபிளை அவர் எந்த இடத்தில் வைத்திருந்தாரோ அதே இடத்தில் வையுங்கள்.