கேபிள் போட்டும் 11 எம்பிதானா?

கேள்வி: லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு 60 ஜிபி வீடியோக்களை வைஃபையில் மாற்றியபோது விநாடிக்கு 28 எம்பி வந்தது. லேப்டாப்பில் வைஃபை வேகம் 866 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது. கேபிள்தான் வேகம் என்று பலரும் சொன்னதால் இரண்டையும் ரூட்டரில் கேபிளால் இணைத்தேன். இப்போது 11.3 எம்பியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. வைஃபையே போதும் என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். கோளாறு எங்கே என்பதை அந்த 11.3 என்ற எண்ணே சொல்லிவிடுகிறது.

நெட்வொர்க் வேகத்தை பிட்டில் சொல்வார்கள். ஃபைல் காப்பி ஆகும்போது கம்ப்யூட்டர் காட்டுவது பைட்டில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு இத்தனை மெகாபிட். 100 எம்பிபிஎஸ் இணைப்பை 8-ஆல் வகுத்தால் 12.5 எம்பி, அதில் முகவரி, சரிபார்ப்பு போன்ற மேல்சுமை போக மிஞ்சுவது 11 சொச்சம். ஆக, உங்கள் கேபிள் இணைப்பு ஜிகாபிட்டில், அதாவது 1000 எம்பிபிஎஸ்-ல் ஓடவில்லை, 100-ல் ஓடுகிறது. ஜிகாபிட்டில் ஓடினால் 110 எம்பிக்கு மேல் வரும். இப்போது ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் உங்கள் 60 ஜிபி, ஒன்பது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஈதர்நெட்டைத் திறந்தால் லிங்க் ஸ்பீட் தெரியும். இரண்டு கம்ப்யூட்டரிலும் பாருங்கள். ஒன்றில் 1000, மற்றதில் 100 என்றால் அந்த 100 காட்டும் பக்கத்துக் கேபிளையோ லேன் அடாப்டரையோ (கம்ப்யூட்டரில் கேபிள் செருகும் பகுதி) சந்தேகப்படலாம். இரண்டிலும் 100 என்றால் பெரும்பாலும் ரூட்டர்தான் காரணம். வைஃபை வேகத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பின்னால் உள்ள லேன் போர்ட்டுகளை 100-லேயே விட்டுவைத்த ரூட்டர்கள் நிறைய உண்டு. உறுதி செய்ய, ஒரே கேபிளால் இரண்டு கம்ப்யூட்டரையும் நேராக இணையுங்கள். லிங்க் ஸ்பீட் 1000-க்கு ஏறினால் கம்ப்யூட்டர்களும் அந்தக் கேபிளும் சரி, தடை ரூட்டரில்.

அப்படியானால் ரூட்டரையே மாற்ற வேண்டியதில்லை. ஒரு சிறிய ஜிகாபிட் ஸ்விட்ச் (பல நெட்வொர்க் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) வாங்கி, இரண்டு கம்ப்யூட்டரையும் அதில் செருகி, ஸ்விட்சிலிருந்து ஒரு கேபிளை ரூட்டருக்குக் கொடுங்கள். ஃபைல்கள் ஸ்விட்சுக்குள்ளேயே திரும்பிவிடும், ரூட்டர் பக்கம் போகாது. இன்டர்நெட் பிளானின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கேபிளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். அதனால் மீதி ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும் இன்டர்நெட் வழக்கம்போல வரும், வேகம் மட்டும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். என் மேசைக்கடியில் நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி நசுங்கிய கேபிள் இப்படித்தான் என்னைப் பல நாள் அலைக்கழித்தது. கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எட்டு நிறக் கம்பிகளும் நுனிவரை வந்து முட்டியிருக்க வேண்டும். பழுப்புக் கம்பி மட்டும் கொஞ்சம் உள்ளே நின்றுவிட்டாலும் போதும், ஜிகாபிட் போச்சு. புதிதாக வாங்கினால் கேட் 5இ போதும். 100 மீட்டர் வரை ஜிகாபிட்டைத் தாங்கும்.

சரி, 866 காட்டும் வைஃபையில் ஏன் 28 மட்டும்? 866 என்பது காற்றில் அந்த நொடிக்கு ஒப்புக்கொண்ட உச்ச வேகம். ஒரு சேனலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். காத்திருப்பு, பதில் எல்லாம் போக, ரூட்டர் அருகிலேயே இருந்தாலும் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வரும். உங்கள் இரண்டு கம்ப்யூட்டரும் வைஃபையில் இருந்ததால் ஒவ்வொரு துண்டும் லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்கு ஒருமுறை, ரூட்டரிலிருந்து டெஸ்க்டாப்புக்கு இன்னொருமுறை என்று அதே காற்றில் இரண்டு தடவை போகிறது. வேகம் மறுபடி பாதியாகும். சுமார் 500, அதில் பாதி 250, அதை 8-ஆல் வகுத்தால் 31. உங்கள் 28 நியாயமான எண்தான். ஜிகாபிட் போர்ட் இருந்தால், டெஸ்க்டாப்பை மட்டும் கேபிளுக்கு மாற்றினாலே இது ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

இணைப்பு 1000 ஆன பிறகும் 35, 40 எம்பியிலேயே நின்றால், காப்பி ஆகும் ஹார்ட் டிஸ்க் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் என்றால் எந்தக் கேபிளிலும் இழுக்கத்தான் செய்யும், ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகத் திறந்து மூடும் வேலை இருக்கிறதே. அவற்றை ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி அனுப்புங்கள்.