ஃபைல் எங்கே நிற்கிறது? விமானிகளின் மெடிக்கல்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பைலட் பயிற்சி பற்றி எழுதியிருந்தோம். அதன்பின் கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருத்துவச் சான்றிதழைப் பற்றியவை. பொதுவாகப் பயன்படும் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பைலட் பயிற்சிக்குப் போக இருக்கிறான். சென்னையில் அதற்கான முதல் கட்ட மருத்துவப் பரிசோதனையான கிளாஸ் 2 மெடிக்கல் எடுத்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது. பரிசோதித்த டாக்டர் எல்லாம் நார்மல் என்றுதான் சொன்னார். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) இ-ஜிசிஏ இணையதளத்தில் இன்னும் ‘பெண்டிங்’ என்றே காட்டுகிறது. பயிற்சிப் பள்ளியோ பணம் கட்டச் சொல்லி நெருக்குகிறது. புதிதாக இன்னொரு விண்ணப்பம் போட்டுவிடலாமா?
(மஞ்சக்குப்பம் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. ஒரே ஆளுக்கு இரண்டு விண்ணப்பம் இருந்தால், எதைப் பார்ப்பது என்ற குழப்பத்தில் இரண்டுமே நின்றுபோகும். முதலில் ஃபைல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். டாக்டர் ‘நார்மல்’ என்று சொன்னதோடு வேலை முடிவதில்லை. அவர் ரிப்போர்ட்டுகளைத் தளத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும். அதை டிஜிசிஏவின் மருத்துவப் பிரிவு பரிசீலித்து, தகுதி மதிப்பீட்டை வெளியிட வேண்டும். உங்கள் ஃபைல் டாக்டரிடமே இருக்கலாம், டெல்லியில் வரிசையில் இருக்கலாம், அல்லது அங்கிருந்து ஏதோ விளக்கம் கேட்டுத் திரும்பி வந்திருக்கலாம். மூன்றாவதுதான் பலர் கவனிக்காமல் விடுவது. விளக்கம் கேட்ட தகவல், பதிவு செய்தபோது கொடுத்த மின்னஞ்சலுக்கும் கைப்பேசி எண்ணுக்கும்தான் போகும். பிரவுசிங் சென்டரில் பதிவு செய்திருந்தால் எந்த மின்னஞ்சல் கொடுக்கப்பட்டது என்று இன்றே பாருங்கள். ஸ்பாம் பெட்டியையும் திறந்து பாருங்கள்.

திரும்பி வரும் ஃபைல்களில் நோய் காரணமாக வருபவை குறைவு. கண் டாக்டர் கண்ணாடியோடு உள்ள பார்வையை மட்டும் எழுதி, கண்ணாடி இல்லாத பார்வையை எழுதாமல் விட்டிருப்பார். காது ரிப்போர்ட்டில் ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) படம் இருக்கும், டாக்டரின் பதிவு எண்ணும் முத்திரையும் இருக்காது. எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் பெயர் ஒரு மாதிரி, ஈசிஜி தாளில் வேறு மாதிரி. ஈசிஜி தாளைப் போனில் படம் எடுத்து ஏற்றியிருப்பார்கள், கட்டங்களே தெரியாது. சாப்பிட்டபின் எடுக்க வேண்டிய சர்க்கரை அளவு விட்டுப்போயிருக்கும். இவற்றில் எதைச் சரிசெய்வதற்கும் ஒரு நாள் போதும், ஆனால் குறை இருப்பது தெரியாமல் காத்திருப்பதில்தான் மாதங்கள் போகின்றன.

விளக்கம் கேட்டிருந்தால், கேட்டது அத்தனைக்கும் ஒரே தடவையில் பதில் கொடுங்கள். மேலே ஒரு பக்கக் கடிதம்: விண்ணப்ப எண், பெயர், பிறந்த தேதி, கேட்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பக்கத்தில் பதில் உள்ளது என்ற குறிப்பு. மற்ற தாள்களை ஸ்கேனரில் எடுத்து அதே வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். இன்று ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று அனுப்பினால், ஒவ்வொரு முறையும் ஃபைல் வரிசையின் கடைசிக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. கிளாஸ் 2 வந்ததும் முழுக் கட்டணத்தையும் கட்டிவிடாதீர்கள். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்குக் கிளாஸ் 1 தேவை. கிளாஸ் 2 மதிப்பீடு கைக்கு வந்து டிஜிசிஏ தரும் ஃபைல் நம்பர் கிடைத்த பிறகுதான் முதல் கிளாஸ் 1-க்குப் போக முடியும், அந்தப் பரிசோதனையும் ஆழமானது. வீட்டை அடமானம் வைத்துக் கட்டணம் கட்டிய பிறகு கிளாஸ் 1-இல் தடை வரும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம்.

கேள்வி: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திக் எஸ்’. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைச் சர்நேம் ஆக்கி ‘கார்த்திக் செல்வம்’. ஆதாரில் ‘எஸ். கார்த்திக்’. மெடிக்கலுக்கு எந்தப் பெயரில் பதிவு செய்வது?
(லாஸ்பேட்டை வாசகர்)

பதில்: இனிஷியல் வைக்கும் நம் வழக்கம் வடக்கே இருக்கும் அலுவலகத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் புரியாது. மூன்று பெயரும் மூன்று ஆளாகத் தெரியும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதிக்கும் அதுதான் ஆதாரம். டிஜிசிஏ தேர்வு எழுதத் தரும் கம்ப்யூட்டர் நம்பர், இ-ஜிசிஏ பதிவு, மெடிக்கல் மூன்றிலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒரே பெயர் இருக்கட்டும். முற்றுப்புள்ளி, இடைவெளி கூட ஒத்திருப்பது நல்லது.

மற்ற ஆவணங்களை அதற்கு இசைவாகத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். எந்த வடிவம் என்று முடிவு செய்யாமல் ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். இனிஷியலை விரித்ததால் வந்த வேறுபாடு மட்டும் என்றால், ‘இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும்’ என்று நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரத்தைக் கையில் வைத்திருங்கள். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டும். புதுச்சேரியில் குடியிருப்பவர் புதுச்சேரி அரசிதழில், கடலூர்க்காரர் தமிழ்நாடு அரசிதழில். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே பிளஸ் டூ படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

இன்னொன்று, லேப். ரத்தம் கொடுக்கும் இடத்தில் வரவேற்பில் இருப்பவர் காதில் விழுந்தபடி தட்டச்சு செய்வார். ஆங்கிலத்தில் ‘கே’ என்ற ஓர் எழுத்தில் முடிய வேண்டிய கார்த்திக், ‘சி’, ‘கே’ என்று இரண்டு எழுத்தாகிவிடும். பெயரை வாயால் சொல்லாமல் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் பிரதியை நீட்டுங்கள். பில் போட்டதும் அங்கேயே நின்று பெயர், வயது, பாலினம் மூன்றையும் படித்துப் பாருங்கள். பில்லில் உள்ளதுதான் ரிப்போர்ட்டில் வரும்.

கேள்வி: பெங்களூரு விமானப்படை மருத்துவ நிறுவனத்தில் கிளாஸ் 1 பரிசோதனை. வலது சிறுநீரகத்தில் 4 மில்லிமீட்டர் கல் என்று ஸ்கேனில் வந்து, தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதிவிட்டார்கள். எனக்கு வலியே வந்ததில்லை. இவ்வளவு சின்னக் கல்லுக்கா?
(பண்ருட்டி வாசகர்)

பதில்: வலி வராததால் கல் இல்லை என்று ஆகாது. கல் சிறுநீரகத்துக்குள் அசையாமல் கிடக்கும் வரை ஒன்றும் தெரியாது. அது நகர்ந்து சிறுநீர்க் குழாயில் இறங்கும்போது வரும் வலியில் ஆள் நிமிர்ந்து உட்காரவே முடியாது. அந்த நேரத்தில் கையில் விமானம் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர்களின் கவலை. 4 மில்லிமீட்டர் என்பது அப்படி நகர்ந்து இறங்கக்கூடிய அளவுதான். மனம் உடைய வேண்டாம். தற்காலிகத் தகுதியின்மை என்பது நிராகரிப்பு ஆகாது. மறுபரிசோதனைக்கு எப்போது, எந்த ரிப்போர்ட்டுகளோடு வர வேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருப்பார்கள். அதுதான் இனி உங்கள் வேலைப் பட்டியல்.

முதல் வேலை, கல் உண்மையிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்வது. அல்ட்ராசவுண்டில் சின்னப் புள்ளி வெளிச்சமாகத் தெரிந்தாலே சிலர் கல் என்று எழுதிவிடுவார்கள். சாயம் ஏற்றாமல் சிறுநீரகம், சிறுநீர்க் குழாய், சிறுநீர்ப்பையைப் படமெடுக்கும் சி.டி. கே.யூ.பி. ஸ்கேன் இதில் துல்லியமானது. யூராலஜிஸ்டை (சிறுநீரகப் பாதை நிபுணரை) பார்த்து அவர் எழுதிக் கொடுத்தபடி எடுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் யூராலஜி பிரிவு இருக்கிறது. அங்கே போனால் ஓ.பி. சீட்டு முதல் டிஸ்சார்ஜ் சம்மரி வரை எல்லாத் தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

கல் இருந்து, தானாகவோ சிகிச்சையிலோ வெளியேறிவிட்டால், அது போய்விட்டது என்பதற்குப் புதிய ஸ்கேன் வேண்டும். பழைய ஸ்கேனோடு டாக்டரின் ‘ஃபிட்’ கடிதத்தை மட்டும் வைத்துப் போகிறவர்கள் அப்படியே திரும்புகிறார்கள். கல் கையில் கிடைத்தால் எறியாதீர்கள். எந்த வகைக் கல் என்று லேபில் பரிசோதிக்கலாம். கல் மறுபடி உருவாகும் உடல்வாகா என்று பார்க்க ரத்தத்தில் கால்சியம், யூரிக் அமிலம், அதோடு 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை கேட்பார்கள். கடைசியாகச் சொன்னதில்தான் தவறு அதிகம். காலை 6 மணிக்கு எழுந்தால் முதல் சிறுநீரைக் கழிவறையில் விட்டுவிட வேண்டும். அதன்பிறகு கழிப்பது அனைத்தும், மறுநாள் காலை 6 மணிச் சிறுநீர் உட்பட, லேப் கொடுத்த கேனில் சேர வேண்டும். நடுவில் ஒருமுறை வெளியே போய்விட்டால் கணக்கு கெட்டது. இன்னொரு நாள் புதிதாகத் தொடங்குங்கள்.

நம் கடலோர வெயிலில் வியர்வையாகப் போவதே நிறைய. ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். நிறம் வைக்கோல் போல வெளுத்திருக்க வேண்டும். உப்பைக் குறையுங்கள். பால், தயிரை நிறுத்தாதீர்கள். உணவில் கால்சியம் குறைந்தால், கல் உருவாகக் காரணமான ஆக்சலேட் என்ற பொருள் கூடுதலாக உடலில் ஏறும். முந்திரியில் ஆக்சலேட் அதிகம். பண்ருட்டியில் இருந்துகொண்டு முந்திரியை விடுவது சிரமம்தான், ஆனால் மறுபரிசோதனை முடியும் வரை கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிடுவதையாவது நிறுத்துங்கள்.

கேள்வி: எனக்கு மைனஸ் 3 பவர். கிளாஸ் 1-க்காக லேசிக் (பவரைக் குறைக்கும் லேசர் கண் அறுவை) செய்துகொள்ளலாமா?
(அரியாங்குப்பம் மாணவி)

பதில்: அதற்காக மட்டும் என்றால் தேவையில்லை. கிளாஸ் 1-க்குச் சர்வதேச அளவுகோல், கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக 6/9, இரண்டும் சேர்ந்து 6/6. கண்ணாடி இல்லாமல் ஏதாவது ஒரு கண்ணில் பார்வை 6/60-க்கும் கீழே இருந்தால் முழுக் கண் ரிப்போர்ட் கேட்பார்கள். கண்ணாடியோடு தகுதி பெறுபவர் பறக்கும்போது இன்னொரு கண்ணாடி உபரியாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே லேசிக் செய்தவர்கள், அறுவைக்கு முந்தைய பவர் விவரமும் அறுவைக் குறிப்பும் கையில் இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: மெடிக்கலுக்கு முந்தைய நாள் என்ன செய்வது?
(நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: பரிசோதனை பெங்களூருவில் என்றால் முந்தைய நாளே அங்கே போய்த் தங்குங்கள். இரவு பஸ்ஸில் தூங்காமல் போய் இறங்கி, நேராக வரிசையில் நின்றால் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டி நிற்பதில் வியப்பில்லை. 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். காதில் அழுக்கு இருந்தால் ஒரு வாரம் முன்பே காது டாக்டரிடம் எடுத்துவிடுங்கள். முந்தைய நாள் இயர்போன், திருவிழா ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். ஆடியோகிராமில் 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேலும், 3000-இல் 50-க்கு மேலும் இழப்பு இருக்கக் கூடாது.

கேள்வி: மகள் அமெரிக்காவில் பயிற்சியில் இருக்கிறாள். சிறுவயதில் ஆஸ்துமா இருந்ததைப் படிவத்தில் எழுதினாள். டாக்டர் சான்றிதழ் தராமல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவுக்கு அனுப்பிவிட்டார். எழுதியதே தப்போ என்று இருக்கிறது.
(திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

பதில்: எழுதியதுதான் சரி. அந்தப் படிவத்தில் பொய் சொன்னால் 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை என்று படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. லேசான ஆஸ்துமா, தேவையான தாள்கள் கையில் இருந்தால் அங்கே பரிசோதிக்கும் டாக்டரே சான்றிதழ் கொடுக்கக்கூடிய வகை. உங்கள் மகளிடம் அந்தத் தாள்கள் அன்று இல்லாமல் இருந்திருக்கலாம்.

இனி, ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ மருத்துவப் பிரிவிலிருந்து கடிதம் வரும். அதற்குப் பதில் அனுப்ப வழக்கமாக 60 நாள் தருவார்கள். கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து எண்ணுங்கள். நேரம் போதாது என்று தெரிந்தால் கெடு முடியும் முன்பே எழுதிக் கூடுதல் நாள் கேளுங்கள். நீங்கள் இங்கிருந்து செய்ய வேண்டியது: சிறுவயதில் பார்த்த டாக்டரிடமும் மருத்துவமனையிலும் பழைய குறிப்புகளை வாங்குவது. ஆஸ்துமா எப்போது தொடங்கியது, கடைசியாக மூச்சுத்திணறல் எப்போது, கடைசியாக இன்ஹேலர் எடுத்தது எப்போது, மருத்துவமனையில் சேர்த்தது உண்டா என்பதை அவர் ஆங்கிலத்தில் தேதிகளோடு எழுதித் தர வேண்டும். ‘இப்போது நலமாக இருக்கிறார்’ என்ற ஒற்றை வரி பயன்படாது. அங்கே மகள் ஒரு டாக்டரிடம் புதிய ரிப்போர்ட்டும் நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் எடுக்கட்டும். இவை 90 நாளுக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும்.

அதுவரை பயிற்சி நிற்க வேண்டியதில்லை. தனியாக ஓட்டுவதற்குத்தான் மெடிக்கல் வேண்டும், பயிற்சியாளரோடு சேர்ந்து பறக்கத் தடையில்லை. பள்ளியிடம் பேசி, சோலோ மணிகளைப் பின்னால் தள்ளி, பயிற்சியாளரோடு பறக்கும் பாடங்களையும் எழுத்துத் தேர்வையும் முன்னே கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே படிவத்தில் எழுதியதையும் அனுப்பிய தாள்களையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்திய லைசென்ஸாக மாற்றும்போது இங்கே கிளாஸ் 1 கேட்பார்கள், அதிலும் அதே ஆஸ்துமாவை அதே தேதிகளோடு எழுத வேண்டும்.